டிரங்குப் பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மலையகத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று அறிவித்தார். அறிவித்த வேகத்தில் வீடு வரவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் லயத்துக் காம்பிராவை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். போகாதவர்களும் பிள்ளைகள் கொழும்பிலிருந்து அனுப்பும் காசில் காம்பிராவை உடைத்து, நீட்டி, டைல் பதித்து வருகிறார்கள். எப்படியானாலும் சாமான்களை வெளியே எடுத்துப் போட வேண்டிய ஒரு நாள் வந்துவிடுகிறது.

அந்த நாளில் சட்டி பானையால் சிக்கல் வருவதில்லை. ஓட்டையானதை விட்டுவிடலாம். கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும்தான் வேலை நின்றுவிடுகிறது. பழைய கடிதங்கள், சம்பளத் துண்டுகள், சங்கத்துச் சந்தா ரசீது, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, யாருடையதென்றே தெரியாத பிறப்புச் சான்றிதழ், அடகுக்கடைத் துண்டு, ஐந்தாம் வகுப்பு ரிப்போர்ட். ஒருவர் எறி என்கிறார், இன்னொருவர் கையைப் பிடிக்கிறார். கடைசியில் எல்லாவற்றையும் அள்ளி மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம். இந்தக் கடதாசிகளில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதைக் கொஞ்சம் ஒழுங்காக யோசித்துப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

உலகம் இதற்கு என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். வீட்டை ஒழுங்குபடுத்துவதையே தொழிலாக்கிப் பெயர் வாங்கிய ஜப்பானியப் பெண் மாரி கொண்டோ, கடதாசி விஷயத்தில் ஈவிரக்கம் இல்லாதவர். எல்லாவற்றையும் எறிந்துவிடு என்பதில் தொடங்கு, தப்பிக்கத் தகுதியுள்ளதை மட்டும் எடுத்து வை என்பது அவர் கட்சி. நினைவுப் பொருட்களை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறார். மற்றதையெல்லாம் கழித்துக் கழித்து மனம் பழகிய பிறகுதான் கடிதத்தையும் படத்தையும் தொட வேண்டுமாம். சுவீடனைச் சேர்ந்த மார்கரேட்டா மக்னுசன் 2017இல் ஆங்கிலத்தில் வந்த புத்தகத்தில் வேறு வழி சொன்னார். சாவதற்கு முன் நீயே உன் சாமான்களைக் கழித்துவிட்டுப் போ, பிள்ளைகள் தலையில் கட்டாதே என்பது அவர் நாட்டு வழக்கம். கூடவே, தனக்கு மட்டும் அர்த்தமுள்ள கடிதங்களையும் சின்னச் சின்ன நினைவுகளையும் ஒரு பெட்டியில் போட்டு, ‘நான் போனபின் பிரிக்காமல் எறிந்துவிடவும்’ என்று எழுதி வைத்துவிடலாம் என்கிறார். மனிதரை அறிந்தவர் சொல்லும் யோசனை இது.

ஆனால் இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள். நீ யார், எங்கே பிறந்தாய், எத்தனை காலமாக இங்கே இருக்கிறாய் என்பதெல்லாம் அரசாங்கத்திடம் பத்திரமாக இருக்கிறது, உன் வீட்டில் இருப்பது வெறும் நகல்தான் என்பது அந்த எடுகோள். தோக்கியோவுக்கும் ஸ்டொக்ஹோமுக்கும் அது சரி. நோர்வூட்டில், பொகவந்தலாவையில், மஸ்கெலியாவில் நம் தாத்தா பாட்டி காலம் அப்படி இருக்கவில்லை. இங்கே காகிதத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பதற்குப் பின்னால் பாசம் மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு.

தோட்டத் தொழிலாளியின் கையில் முதலில் வந்த கடதாசியே கடன் கடதாசிதான். துண்டு என்று பெயர். இவன் இவ்வளவு கடன் பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் இவனை விடுவோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும். அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கொடுத்தால்தான் ஆள் இடம் மாற முடியும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழிக்கும்வரை மனிதரின் விலை ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது.

பிறகு 1948. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் அவர்களுடைய வாக்கில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பாக ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு கதவை ஒருக்களித்துத் திறந்தது. கல்யாணம் ஆனவர் என்றால் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் ஏழு ஆண்டு, ஆகாதவர் என்றால் பத்து ஆண்டு இந்த நாட்டில் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பதா? எதை வைத்து? செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டில் பேர் இருக்கலாம், ஆனால் அது தோட்டத்து ஆப்பீஸில் இருந்தது. ஊரில் அம்மா செத்த காரியத்துக்குப் போய் வந்த மாதங்களும் கணக்கில் வந்தன. கணக்கப்பிள்ளை எழுதிய பேர் ஒன்று, பதிவாளர் எழுதிய பேர் இன்னொன்று. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு.

1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தலைகளாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரின் கதையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தம்பிக்கு இலங்கைப் பதிவுப் பத்திரம் என்று ஒரே காம்பிராவுக்குள் இரண்டு நாட்டுக் கடதாசி வந்தது இப்படித்தான். தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேரே வந்துவிட்டது. இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிப் போன கப்பல் 1984இல் நின்றது. போகாமல் இருந்தவர்களின் கணக்கை 1988இன் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும்தான் முடித்தன. 2003இன் சட்டத்திலும் கேட்கப்பட்டது என்னவென்றால், 1964 அக்டோபர் 30 தொடக்கம் இங்கே வசிப்பவரா, அல்லது அப்படி வசித்தவரின் வழிவந்தவரா என்பதே. அந்த ஆண்டு ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் துணையோடு நடந்த முகாம்களில் பத்தே நாளில் 1,90,000 பேர் பிரஜைகள் ஆனார்கள்.

இந்தக் கதை கடலுக்கு அந்தப் பக்கமும் முடியவில்லை. இனக்கலவரங்களுக்குப் பயந்து தமிழ்நாட்டுக்குப் போய் அகதி முகாமில் தங்கிவிட்ட மலையக வம்சாவளியினர், எங்கள் பாட்டன் இந்தியாவிலிருந்து போனவர், எங்களுக்கு இந்தியக் குடியுரிமை தாருங்கள் என்று கேட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்தது. விண்ணப்பித்தால் அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் தீர்ப்பு வந்தது. அங்கேயும் பேரன் தேட வேண்டியது பாட்டனின் காகிதத்தைத்தான்.

கொழும்புக் கடைகளில் வேலை செய்த நம் பையன்களைக் கேட்டால், யுத்த காலத்தில் அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த கதையைச் சொல்வார்கள். அந்தத் துண்டுகளை இன்னும் எறியாதவர்கள் உண்டு. இப்படிப்பட்ட ஒரு சனத்திடம் போய், மாரி கொண்டோவைப் போல மகிழ்ச்சி தராததை எறி என்று சொன்னால் சிரிப்பார்கள். செக்ரோல் நகல் யாருக்கு மகிழ்ச்சி தந்தது?

அதற்காகத் தமிழருக்குக் காகிதத்தை விடத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. நம்மிடம் நல்ல வழக்கங்கள் இருக்கின்றன. கருமாதிக் கடிதத்தை வாசித்தவுடன் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது. துக்கத்தை அறிந்துகொள், அதன் காகிதத்தைச் சேர்த்து வைக்காதே என்ற ஏற்பாடு அது. செத்தவரின் ஜாதகத்தை ஆற்றில் விடுவார்கள். போகியன்று பழையதைக் கொளுத்துவார்கள். கல்யாணப் பத்திரிகையில்தான் நாம் தடுமாறுகிறோம். மேலே பிள்ளையார், ஓரத்தில் மஞ்சள், கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய எழுத்து. எறிய மனம் வருமா? அதனால் மூன்று தலைமுறைப் பத்திரிகையும் பெட்டியில் கிடக்கிறது.

ஆனால் சடங்காக விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. ஏட்டுச் சுவடி தேடி ஊரூராக அலைந்த உ.வே. சாமிநாதையர், பதினெட்டாம் பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்ட கதையையும் சொல்கிறார். பக்தியோடு செய்தவர்கள்தான் அவர்கள். போன ஏடு போனதுதான்.

இனி ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஏரோகிராம் ஒன்று, ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன அத்தை நீலகிரிக் கூடலூரிலிருந்து அனுப்பியது. அப்படிப் போனவர்களுக்காக நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னால் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயின. இங்கே கொழுந்து பறித்த கை அங்கேயும் கொழுந்துதான் பறித்தது. கடிதத்தின் மேலே பிள்ளையார் சுழி, அப்புறம் நலம், நலமறிய ஆவல். கையெழுத்து அத்தையுடையது இல்லை, அவருக்கு எழுதத் தெரியாது. யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் “இதையும் எழுது என்கிறார்கள்” என்று அந்தப் பிள்ளை தன் குரலிலேயே ஒரு வரி எழுதிவிட்டது. இடம் முடிந்ததும் ஓரத்தில் திருப்பித் திருப்பி எழுதி, ஒட்டும் மடிப்பிலும் இரண்டு வரி. பிரிக்கும்போது அந்த இரண்டு வரியில் பாதி கிழிந்துபோனது. மீதியில் அங்கே கொடுக்கும் சம்பளம், குளிர், யார் வீட்டில் என்ன குழந்தை, இங்கே விட்டுவந்த மாட்டுக்கு என்ன ஆனது என்று எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் புத்தகத்திலும் அந்த மாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

என் முடிவு இங்கேதான் பொதுவான நடைமுறைக்கு எதிராகப் போகிறது. நம் வீடுகளில் முத்திரை குத்திய கடதாசி எல்லாம் முக்கியம், கடிதமும் படமும் வெறும் பாசம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அதனால் இடம் போதாதபோது முதலில் அடுப்புக்குப் போவது கடிதம். நான் சொல்வது, அதை மாற்றிப் போடுங்கள் என்று. முத்திரைக் கடதாசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதி உண்டு. பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களைப் பிரதேச செயலகத்தில் கட்டணம் கட்டிப் புதிதாக எடுக்கலாம். அதே சான்றிதழின் பதினைந்து போட்டோப் பிரதிகளை வைத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. கட்டித் தீர்ந்த கரண்ட் பில், மீட்ட நகையின் அடகுத் துண்டு, மூடிய கடையின் கொப்பி, தேர்தல் நோட்டீஸில் ஒன்றுக்கு மேற்பட்டது எல்லாம் போகட்டும். கடையில் தரும் வழுவழுப்பான பில் எப்படியும் சில வருடத்தில் எழுத்தழிந்து வெறும் தாளாகிவிடும்.

கடிதத்துக்குப் பிரதி கிடையாது. அத்தை அந்த மாட்டைப் பற்றி எந்தப் பதிவாளரிடமும் சொல்லவில்லை.

சில முத்திரைக் கடதாசிகள் இதற்கு விலக்கு. பிரஜாவுரிமைப் பதிவுப் பத்திரம், பழைய இந்தியப் பாஸ்போட், 2003க்குப் பின் கிடைத்த சான்றிதழ் ஆகியவற்றின் மூலத்தை எந்தக் காலத்திலும் விடக் கூடாது. ஊழியர் சேமலாப நிதி சம்பந்தப்பட்ட கடதாசிகளையும் சம்பளத் துண்டுகளையும் பணம் முழுக்கக் கைக்கு வரும்வரை வைத்திருக்க வேண்டும். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் அந்தப் பணத்தை எடுக்கலாம். தோட்டம் கை மாறிய காலத்துத் துண்டு என்றால் இன்னும் கவனம் தேவை. 1975இல் தேசியமயம், 1992இல் கம்பனிகளின் கையில் நிர்வாகம் என்று மாறிய போதெல்லாம் பேரும் இலக்கமும் பிசகியிருக்க வாய்ப்புண்டு. வேலுச்சாமி வேலுசாமி ஆனதும், அப்பாவின் பேர் பிள்ளையின் சான்றிதழில் வேறாக விழுந்ததும் நம்மில் பலருக்கு நடந்தது. பேர் பிசகிய கடதாசிதான் பின்னால் சத்தியக் கடதாசி முடிக்கும்போது உதவும். பிழை என்று அதைக் கிழித்துவிடாதீர்கள். புது வீட்டுக் காணிக்கு உறுதி கிடைத்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாகக் காணி உறுதி என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காத சனம் நாம்.

பாசத்தால் வைத்திருப்பதிலும் எல்லாம் ஒரே நிறை இல்லை. ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பி முப்பதில் ஒன்று போதும். பொங்கல் வாழ்த்து மட்டைகளில் அச்சடித்த வாசகமும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். கையால் நாலு வரி எழுதியிருந்தால் வையுங்கள். கல்யாணப் பத்திரிகை குடும்பத்துக்கு ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்று மிகவும் பெறுமதியானது. அதில் தோட்டத்தின் பேர், டிவிஷனின் பேர், தாய்மாமன் பேர், சொந்த ஊர்ப் பேர் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். வம்ச வரலாறு எழுதப் போகிறவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. சங்கத்துச் சந்தா ரசீதும் நோட்டீஸும் அப்படித்தான். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரைப் பற்றி எழுத்தாளர் சாரல்நாடன் தேடித் தேடி எழுதியதும், நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மையின் 1940ஆம் ஆண்டுப் பாட்டுப் புத்தகம் இன்று பேசப்படுவதும், யாரோ சிலர் அந்த மெல்லிய தாள்களைச் சரை சுற்றக் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான்.

கடிதம் எல்லாம் வரலாறு என்று சொல்லிக்கொண்டு மற்றவர் இரகசியத்தைக் கிளறுவதையும் நான் ஏற்கவில்லை. பெட்டியில் கடன் சண்டை இருக்கும், காதல் கடிதம் இருக்கும், அம்மா யாருக்கும் காட்டாத ஒன்று இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவில் ஏழெட்டுப் பேர் படுத்த வாழ்க்கையில், ஒரு பெண்ணுக்கென்று இருந்த தனி இடம் சில வேளை அந்தப் பெட்டியின் அடித்தட்டு மட்டுமே. உயிரோடு இருப்பவர் எரி என்றால் எரித்துவிட வேண்டும், ஆராய்ச்சி பேசக் கூடாது. மக்னுசனின் எறியும் பெட்டி நமக்கும் பொருந்தும் இடம் இது. சொல்லாமல் போனவருடையது என்றால், பிள்ளைகள் சேர்ந்து வாசித்து ஒரு முடிவெடுக்கட்டும், ஒருவர் தனியாகக் கொளுத்த வேண்டாம்.

வைப்பது என்று முடிவானதை எப்படி வைப்பது? நோர்வூட்டின் ஈரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மழை பிடித்துவிட்டால் துணியே வாரக்கணக்கில் காயாது, காகிதம் எந்த மூலைக்கு? பலர் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுகிறார்கள். உள்ளே ஈரம் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். லெமினேட் செய்வது அதைவிட மோசம். சூடும் பசையும் ஏறிய தாளை மறுபடி பிரிக்க முடியாது. ஈரம் வாங்காத அட்டைப் பெட்டியோ மூடியுள்ள தகரப் பெட்டியோ, தரையிலிருந்து உயரத்தில், அடுப்புச் சுவரிலிருந்து தள்ளி இருந்தால் நல்லது. குண்டூசியையும் கிளிப்பையும் கழற்றிவிடுங்கள், துரு தாளைத் தின்னும். செலோடேப் வேண்டாம். வெயில் அடிக்கிற நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விட்டால் இராமபாணப் பூச்சியும் அண்டாது.

பெட்டி எவ்வளவு நல்லதானாலும் லயத்தில் தீப்பிடித்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒரு காம்பிராவில் பிடித்தது வரிசை முழுக்க ஓடிவிடும். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களின் மேல் மண் விழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. உயிரோடு தப்பியவர் அடுத்த வாரம் அலைய வேண்டியது அடையாள அட்டைக்காகவும் சான்றிதழுக்காகவும்தான். ஆகவே போனில் படம் எடுப்பது இன்று ஆடம்பரம் இல்லை. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாக, பிளாஷ் இல்லாமல், தாளின் இரண்டு பக்கத்தையும் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டால் பாதிப் பயம் தீரும். படம் எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிவதை, சேமலாபப் பணம் முழுக்கக் கைக்கு வந்த பிறகு சம்பளத் துண்டில் செய்யலாம். கடிதத்தில் செய்யாதீர்கள். போன் உடைவதும் பாஸ்வேர்ட் மறப்பதும் நடக்கிற காரியம்.

வீட்டில் வைக்க இடமே இல்லை, எறியவும் மனமில்லை என்றால் கொடுக்க இடம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி எவரும் வாசிக்கத் திறந்து வைத்திருக்கிறது. மலையகத்தின் சிறு வெளியீடுகளும் துண்டுப் பிரசுரங்களும் அதில் இருக்கின்றன. கம்பளைப் பக்கத்தில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளரின் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் மாற்றியிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் எதை வெளியில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 2023இல் மலையகத்துக்கு இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்த இருநூறு ஆண்டைப் பற்றித் துரைமார் எழுதியது நிறைய இருக்கிறது, நம் கையால் எழுதியது கொஞ்சம்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்கு முன், வீட்டில் மூத்தவர் நினைவோடு இருக்கும்போதே, அவரை இஸ்தோப்பில் உட்கார வைத்துப் பெட்டியைத் திறவுங்கள். ஒவ்வொரு படத்திலும் யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தோட்டம், என்ன விசேஷம் என்று கேட்டு, பின்பக்கத்தில் பேனாவால் இல்லாமல் பென்சிலால் மெதுவாக எழுதிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு எதை எறிவது என்று அவரிடமே கேளுங்கள்.